வழியில் நின்ற வண்டி

தலைநகரின் பெருஞ்சாலைகளில் நாள்தோறும் சென்று வருவோர் ஒரு காட்சியைப் பலமுறை கண்டிருப்பர். ஒருவர் தம் மோட்டார் சைக்கிளில் அமர்ந்திருக்கிறார். அவ்வண்டியின் எஞ்சின் ஓடவில்லை. ஆயினும் வண்டி செல்கிறது. பின்னால் வேறொரு வண்டியில் வருபவர் தம் காலை நீட்டி, முன்வண்டியின் பின்புறக் கால்மிதியில் ஊன்றி, அதனைத் தள்ளிக்கொண்டே வருகிறார். பத்து நிமிடங்களுக்கு முன் இவ்விருவரும் ஒருவரையொருவர் அறியார். இன்னும் பத்து நிமிடங்களில், ஒரு பெட்ரோல் நிலையத்தின் வாயிலிலோ பழுது நீக்கும் கடையின் முன்னிலோ பிரிந்து விடுவர். இவ்வாறு செல்வது இடர் மிக்கது என்பதில் ஐயமில்லை. போக்குவரத்துக் காவலர் கண்டால் கடிந்து கொள்வர். எனினும், தலைக்கவசத்துள் முகம் மறைந்த ஒருவருக்காக, அவ்வாறே முகம் மறைந்த இன்னொருவர் தம் காலையே ஊன்றுகோலாக்கும் அக்காட்சி நம்மை நெடுநாள் சிந்திக்க வைத்தது.

இவ்வுதவியின் ஊற்றுக்கண் எது? இது அன்பா, வழக்கமா, அல்லது தன்னலத்தின் வேறொரு வடிவமா?

காரில் செல்வோர் நிற்பதில்லை என்று குறை கூறி இக்கேள்விக்கு எளிதில் விடை கண்டுவிடலாம். அது முறையன்று. காரை ஓரங்கட்டி நிறுத்துவது கடினம். கண்ணாடிக்குள் இருப்பவருக்கு வெளியே நிற்பவரின் வியர்வை தெரிவதுமில்லை. இருசக்கர வண்டியில் செல்பவர் அத்தகைய அரண் ஏதுமின்றிச் செல்பவர். மழை அவர்மேல் பெய்கிறது. ஜூன் மாதத்து அனற்காற்று அவர் முகத்தில் அறைகிறது. சாலையோரத்தில் வண்டியைச் சாய்த்து உதைத்து உதைத்துக் களைத்து நிற்பவரைக் காணும்போது, தம்மையே வெளியிலிருந்து காண்பது போன்ற ஓர் உணர்வு அவருக்குத் தோன்றுகிறது. 2022-ஆம் ஆண்டில் இந்நாட்டுச் சாலை விபத்துகளில் மாண்டோர் 1,68,491 பேர் என்றும், அவர்களுள் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வண்டிகளில் சென்றோர் என்றும் மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. இக்கணக்கை அறியாதவரும் இதன் பொருளைத் தம் உடம்பால் அறிந்தே வண்டியில் ஏறுகின்றனர்.

மலைப்பாதைகளில் இவ்வுதவி ஏறத்தாழச் சட்டமாகவே நிலவுகிறது. மணாலியிலிருந்து லே செல்லும் நெடுஞ்சாலையில் தண்டி என்னும் சிற்றூரின் பெட்ரோல் நிலையத்தில், அடுத்த நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று அறிவித்த பலகை வண்டியோட்டிகளிடையே பெரும்புகழ் பெற்றது. அப்பாதையில் 5,300 மீட்டருக்கு மேல் உயர்ந்த தங்லங் கணவாயையும் கடக்க வேண்டும். அங்கே ஒரு வண்டி நின்றுவிட்டால் அடுத்து வருபவர் நிற்காமல் போவதில்லை என்று, சென்று வந்த நண்பர்கள் கூறக் கேட்டிருக்கிறோம். இதில் வியப்பில்லை. இன்று உதவாதவன் நாளை அதே பனியில் உதவியின்றி நிற்க நேரும். அங்கு அறமும் அறிவுடைமையும் ஒன்றாகி விடுகின்றன. நம் வினா நகரத்தைப் பற்றியது. பல லட்சம் வண்டிகள் ஓடும் தில்லியில் இன்று நமக்கு உதவியவரை மீண்டும் காண்போம் என்பதற்கு என்ன உறுதி? கைம்மாறு கருத வழியே இல்லாத இடத்திலும் மனிதர் நிற்கின்றனரே, அது ஏன்?

இதனை ஆராயத் தூண்டியது நமக்கே நேர்ந்த ஒன்று. 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு நாட்காலை, பாலம் மேம்பாலத்தைக் கடந்து கண்டோன்மெண்டு வழியாக அலுவலகம் சென்றுகொண்டிருந்தபோது வண்டி இருமி, தயங்கி, நின்றுவிட்டது. காலை எட்டு மணிக்கே தார் கொதித்தது. நமக்கு வண்டி ஓட்டத் தெரியுமேயன்றி அதன் உட்புறம் தெரியாது. சிறிது நேரத்தில் ஒரு பால்காரர் நின்றார். நஜஃப்கட் பக்கத்துக் கிராமங்களிலிருந்து நாள்தோறும் நகருக்குப் பால் கொணர்வோரை இங்குள்ள நம் குடும்பங்கள் யாவும் அறியும்; வண்டியின் இருபுறமும் பெரிய கேன்களைத் தொங்கவிட்டு, நனைந்த சாக்கைப் போர்த்தி, நெரிசலுக்கிடையே பெருமுழக்கத்துடன் செல்பவர்கள். நம் வீட்டார் அவர்களை நீர் கலப்பவர்கள் என்று ஏசுவதே மிகுதி. (கலக்கிறார்களா என்பது வேறு கட்டுரைக்கு உரியது.)

அவர் ஒன்றும் கேட்கவில்லை. இருக்கையின் அடியிலிருந்து ஒரு திருகுசாவியை எடுத்தார். பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டித் துடைத்து மாட்டினார். வண்டி உயிர்பெறவில்லை. பின்னர்க் கார்புரேட்டரின் அடித்திருகைத் தளர்த்தி, அதில் தேங்கியிருந்த அழுக்குப் பெட்ரோலை மண்ணில் வடியவிட்டார். மூன்றாம் உதையில் எஞ்சின் ஓடியது. எல்லாமாக இருபத்தைந்து நிமிடங்கள் ஆகியிருக்கும். மே மாதத்து வெயிலில் பாலுக்கு இருபத்தைந்து நிமிடங்கள் என்பது எவ்வளவு என்று நம் இல்லத்தரசிகளைக் கேட்டால் சொல்வர். ஐம்பது ரூபாய் நோட்டு ஒன்றை நீட்டினோம். அவர் கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டே, "என் வண்டியும் ஒருநாள் நிற்கும், பாபுஜி" என்று இந்தியில் கூறிவிட்டுப் புறப்பட்டார்.

அச்சொல்லை நாம் அன்று ஓர் அடக்கமான மறுப்பாகவே கொண்டோம். பணம் வேண்டாம் என்பதை அவர் அவ்வாறு மென்மையாகச் சொன்னார் என்று எண்ணினோம். பின்னர்ச் சிந்தித்தபோது அதில் வேறொரு நுட்பமும் தெரிந்தது. வள்ளுவர் ஒப்புரவறிதலை 22-ஆம் அதிகாரமாகவும் ஈகையை 23-ஆம் அதிகாரமாகவும் தனித்தனியே வைத்தார். இரண்டும் கொடுத்தலே ஆயினும் அவர் ஏன் பிரித்தார்? ஈகையில் கொடுப்பவன் ஒருபடி மேலே நிற்கிறான்; இல்லாதவன் கீழே நின்று ஏந்துகிறான். ஒப்புரவோ உடன்வாழ்வோரிடையே நிகழ்வது. இன்னாருக்கு இன்னது செய்தல் என் கடமை என்றறிந்து செய்வதில் மேலோர் கீழோர் என்னும் பிரிவு எழுவதில்லை. நாம் நீட்டிய நோட்டு, நடந்ததைக் கூலி வேலையாக்க முயன்றது. அவர் அதை மறுத்துத் தம்மை நமக்கு நிகராக வைத்துக்கொண்டார். உண்மையில், நம்மைத் தமக்கு நிகராக வைத்தார் என்பதே பொருந்தும்; ஏனெனில் அந்தச் சாலையோரத்தில் ஒன்றும் அறியாது நின்றவர் நாமே.

இனிக் கூற வேண்டியது நமக்குப் பெருமை தருவதன்று.

அடுத்த ஆண்டு, 2018 ஜூலையில், அதே சாலையில் ஒரு பால்காரரின் வண்டி இடப்புற ஓரத்தில் நின்றிருந்தது. சங்கிலி அறுந்து தொங்கியது. கேன்களின் கனத்தால் வண்டி சாயாதபடி அவர் இரு கைகளாலும் அதைத் தாங்கி நின்றார். ஆகவே குனிந்து சங்கிலியை நோக்கவும் அவரால் இயலவில்லை. யாரையும் கையசைத்து அழைக்கவுமில்லை. வரும் வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் துணி சுற்றியிருந்தமையால் முன்னர் உதவியவர் இவர்தாமா என்று தெரியவில்லை. நேரம் எட்டு நாற்பது. ஒன்பது மணிக்கு அலுவலகத்தின் வருகைப் பதிவுக் கருவியில் விரல் வைக்க வேண்டும். மாதத்தில் இருமுறை ஒரு மணி நேரம் வரையிலான தாமதம் பொறுக்கப்படும். அதற்குமேல் ஒவ்வொரு தாமதத்திற்கும் அரைநாள் தற்செயல் விடுப்பு கழியும். அம்மாதத்தின் இரண்டு வாய்ப்புகளும் தீர்ந்திருந்தன. யாரேனும் நிற்பார்கள் என்று நமக்கு நாமே கூறிக்கொண்டு கடந்துவிட்டோம்.

எல்லாருக்காகவும் எல்லா நேரமும் நிற்க இயலாது. அலுவற்கடமையும் கடமையே என்று வாதிடலாம். அவ்வாதத்தை நாம் அன்று மாலை வரை பேணிவந்தோம். ஆயின் அது நிலைக்கவில்லை. அவ்விரண்டு வாய்ப்புகளில் ஒன்று மழையால் போயிற்று. மற்றொன்று போனது எவ்வாறு? அதற்கு முந்தைய வாரம், மோதிபாக் அருகில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட ஒரு மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது. "டி.என்." என்னும் இரண்டு எழுத்துகளைக் கண்டதும் நம் கை தானாகவே பிரேக்கைப் பிடித்தது. இளைஞர் ஒருவர், திருநெல்வேலிப் பக்கம். படிப்பு முடித்துப் பணியில் சேர வந்தவர். "அண்ணா, நீங்க தமிழா!" என்று அவர் முகம் மலர்ந்ததைக் கண்டு நாமும் மகிழ்ந்தோம். டயர் ஒட்டும் கடை வரை இருவரும் வண்டியைத் தள்ளினோம், தேநீர் அருந்தினோம், ஊர்ப்பேச்சுப் பேசினோம். அலுவலகத்தை நாற்பது நிமிடம் தாமதமாக அடைந்தபோது சிறிதும் வருந்தவில்லை.

எனவே பால்காரரைக் கடந்தமைக்கு அலுவலகம் காரணமன்று. அவ்வண்டியில் அந்த இரண்டெழுத்துகள் இருந்திருப்பின் அரைநாள் விடுப்பை இழந்தும் நின்றிருப்போம். வண்டியோட்டிகள் யாவரும் ஓரினம் என்று நாம் பேசிவந்த பேச்சில், நம்முடைய இனத்தின் எல்லை பதிவெண் பலகையோடு முடிந்திருந்தது. அவருடைய எல்லையோ நம்மையும் உள்ளடக்கியிருந்தது.

இவ்விடத்தில் சங்க அன்பர்கள் நம்மைத் தவறாகக் கொள்ளலாகாது. தன்மொழியார்க்கு உதவுதல் குற்றம் என்று நாம் கூற வரவில்லை. நம்முள் பெரும்பாலோர் இந்நகரில் வேரூன்றியதே அவ்வுதவியால்தான். இரயிலை விட்டிறங்கியபோது ஒருவர் சட்டைப்பையில் இருந்தது, ஊர்க்காரர் ஒருவரின் முகவரி எழுதிய துண்டுத் தாளே. அவர் வீட்டுக் கூடத்தில் முதல் மாதம் படுத்தோம். அவர் சொல்லித் தந்த இந்தியில் முதற்காய்கறி வாங்கினோம். தமிழ்ச் சங்கங்கள் யாவும் இத்தகைய துண்டுத் தாள்களின் மேல் எழுந்தவையே. தன்னைப் போன்றவனைக் கண்டு இரங்குதல் அன்பு புகும் முதல் வாயில். அதனை இழிவென்று கூறுவோர், எந்த வாயிலிலும் நுழையாமலே உலகை நேசிப்பதாகச் சொல்லிக்கொள்வோராக இருத்தல் கூடும்.

ஆனால் வாயிலிலேயே நின்றுவிட்டால் என்னாகும் என்பதற்கும் சான்றுண்டு. ஸ்கூட்டரில் சென்ற ஒருவரைக் கார் மோதிற்று. அருகிலிருந்த மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது, காவல்துறை தொடர்பான வழக்கு என்று கூறி, இருபது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வேறொரு மருத்துவமனைக்கு அனுப்பினர். வழியிலேயே அவர் உயிர் பிரிந்தது. இச்செய்தியை முன்வைத்துத் தொடரப்பட்ட பரமானந்த் கட்டாரா வழக்கில்தான், உயிர் காத்தலே மருத்துவரின் முதற்கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் தீர்ப்பளித்தது. விபத்தில் உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளுக்கு 2016-இல் அந்நீதிமன்றமே சட்ட வலிமை தந்தது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவுபவர்மேல் வழக்கு வாராது காக்கிறது. இவை வேண்டிய சட்டங்களே. இவை அச்சத்தை நீக்கும். நம் கையைப் பிரேக்கில் வைக்குமா? நம் பால்காரர் நின்றது எந்தப் பிரிவின்கீழ்?

தேரில் சென்ற பாரியை நாம் கொடைக்கு எடுத்துக்காட்டாகவே படித்து வந்துள்ளோம். அவனும் வழியில் தளர்ந்து கிடந்த ஒன்றைக் கண்டு வண்டியை நிறுத்தியவன்தானே! அக்கொடி அவன் மொழியைப் பேசியதில்லை. அதற்கென ஒரு தேர் இருந்து, அது ஒருநாள் அச்சு முறிந்து நிற்கப் போவதுமில்லை. பற்றுக்கோடின்றி அது தவித்தது. அவனுக்கு அதுவே போதுமாயிருந்தது. தேரையே விட்டுச் சென்றது மிகை என்று பள்ளிப் பருவத்தில் நாம் நகைத்ததுண்டு. அரைநாள் விடுப்புக்கே தயங்கிய பின்னர் அந்நகைப்பு வரவில்லை.

2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளுக்குப் பின், பெரும்பாலான புதிய வண்டிகளில் கார்புரேட்டர் இல்லை. எரிபொருளை மின்னணுக் கருவியே அளந்து செலுத்துகிறது. டேங்கின் அடிக்குழாயைக் கழற்றிப் புட்டியில் பெட்ரோல் பிடித்துப் பிறருக்குத் தரும் பழக்கமும் அரிதாகி வருகிறது. நம் புதிய வண்டி நின்றால் ஒரு மஞ்சள் விளக்கு எரியும்; அதன் பொருளைக் கணினி உள்ள பணிமனையே அறியும். எனவே இக்காலத்து உதவி பலவேளைகளில் உடன் நிற்பதாகவே சுருங்கிவிட்டது. அது சிறிதென்று முன்னர் எண்ணினோம்.

சென்ற குளிர்காலத்தில், மூடுபனி சூழ்ந்த ஒரு காலையில், அதே சாலையோரத்தில் ஒரு பால்காரரின் வண்டி நின்றிருக்கக் கண்டு நிறுத்தினோம். இளைஞர், நாம் தேடியவர் அல்லர். "நீங்கள் போங்கள் பாபுஜி, தம்பி கருவிகளோடு வருகிறான்" என்றார். போகாமல், வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டோம். அவர் சற்று ஐயத்துடன் நம்மைப் பார்த்துவிட்டுக் கைப்பிடியை நம்மிடம் தந்து, பின்சக்கரத்தின் அருகே குனிந்தார். பால் நிறைந்த நான்கு கேன்களுடன் அவ்வண்டி எவ்வளவு கனம் என்பதை அன்றுதான் அறிந்தோம். தோள்கள் நடுங்கின. 2017-இல் ஒருவர் இத்தனை கனத்தையும் நம் பொருட்டு ஓரங்கட்டி, இறங்கி, நிலைக்காலில் ஏற்றி நிறுத்தியிருக்கிறார். பனிக்குள்ளிருந்து அந்தத் தம்பி வந்து சேரக் கால் மணி நேரம் ஆயிற்று.