தெளிந்தவரைத் தினமும் பார்க்கலாமா?

நன்றாக விசாரித்து நம்பிவிட்ட ஒருவரை மறுபடியும் மறுபடியும் சோதித்துக்கொண்டிருப்பது அறமா? கனடாவில் துப்பாக்கி உரிமம் வைத்திருக்கும் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. அங்கே உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். தருவதற்கு முன்பே குற்றப் பின்னணி, மனநலம், வன்முறை எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். அண்மையில் மணமுறிவோ வேலையிழப்போ நேர்ந்ததா என்றுகூட விண்ணப்பம் கேட்கிறது. அதோடு விடுவதில்லை. உரிமதாரர் அத்தனை பேரின் பெயரையும் கணினி தினந்தோறும் காவல்துறைப் பதிவுகளோடு ஒப்பிடுகிறது. மிரட்டல், குடும்ப வன்முறை என்று எங்காவது ஒரு பதிவு ஏறினால், மாகாணத்தின் தலைமைத் துப்பாக்கி அலுவலருக்குத் தகவல் போகும்.

சட்டத்துக்கு அடங்கி நடப்பவரை ஏன் சந்தேகிக்கிறீர்கள் என்பது முதல் மறுப்பு. தமிழ் வாசகர் இப்படிக் கேட்பவர்கள் பக்கம் சாய இடமுண்டு. ஆராயாமல் நம்புவதும் தீராத துன்பம், நம்பியவரை ஐயுறுவதும் தீராத துன்பம் என்றுதானே 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தை வள்ளுவர் முடிக்கிறார்? மேற்கோள் காட்டுபவர்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அடுத்த அதிகாரத்தில், எப்படி ஆராய்ந்து தேர்ந்தாலும் செயலில் இறங்கியபின் வேறாகிவிடுபவர் பலர் என்கிறார்; பணியாளர் கோணாமல் நடக்கிறாரா என்று அரசன் நாள்தோறும் பார்க்கவேண்டும் என்று அதை முடிக்கிறார். இதில் முரண்பாடு இல்லை என்றே நினைக்கிறேன். ஐயுறுவது ஆளின் குணத்தைப் பற்றிய தீர்ப்பு. பார்ப்பது அவர் செயலின்மேல் வைக்கும் கவனம். வள்ளுவர் பேசியது அரசுப் பணியாளரைப் பற்றி, உண்மைதான். ஆனால் உயிர் பறிக்கும் கருவியை அரசின் அனுமதியோடு வைத்திருப்பவரும் ஒரு பொறுப்பை ஏற்றவர்தான். விசாரணை காட்டுவது நேற்றைய மனிதரை. துப்பாக்கி இருக்கப்போவது நாளைய மனிதரின் கையில். நியூசிலாந்து ஒருகாலத்தில் ஆயுள் முழுமைக்கும் உரிமம் தந்தது. 1990இல் அராமோவானாவில் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பின், 1992இல் அதை 10 ஆண்டாகக் குறைத்தது. பத்தாண்டில் ஒரு மனிதருக்கு என்னவெல்லாம் நேராது?

பார்த்தால் போதுமா என்பது இதைவிடக் கனமான மறுப்பு. 2020இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 22 பேரைக் கொன்றவனிடம் உரிமமே இல்லை. பட்டியலில் இல்லாதவனை எந்தக் கணினியும் ஒப்பிட முடியாது. இங்கிலாந்தின் பிளிமத்தில் நடந்தது இன்னும் கொடுமை. தாக்குதல் புகாரால் ஒருவனிடமிருந்து எடுத்த துப்பாக்கியைக் காவல்துறையே 2021 ஜூலையில் திருப்பிக் கொடுத்தது. அடுத்த மாதம் 5 பேரைக் கொன்றான். அங்கே தகவலுக்குக் குறைவில்லை, தீர்மானித்தவர்கள்தான் தவறினார்கள். ஆகவே தினசரி ஒப்பீடு வீண் என்று ஆகாது. எச்சரிக்கை மணி அடித்தபின் எழுந்து போய்ப் பார்க்க ஆள் வேண்டும் என்றுதான் ஆகிறது.

குற்றம் நிரூபணமாகாத ஒரு புகாரே மணியை அடித்துவிடும் என்பதை மட்டும் என்னால் எளிதாகத் தள்ள முடியவில்லை. பகையில் எழுதிய பொய்ப் புகாரும் அதே பதிவில்தான் ஏறும். அதனால்தான் கனடாவில் பெயர் பொருந்தியதும் உரிமம் தானாகப் பறிபோவதில்லை. அலுவலர் விசாரிக்கிறார், ரத்து செய்தால் நீதிமன்றத்தில் முறையிடலாம். அந்த முறையீடு எவ்வளவு விரைவாக, எவ்வளவு குறைந்த செலவில் நடக்கிறது என்று உரிமதாரர்கள் கேட்பது நியாயம். தினசரிப் பார்வையை அவமதிப்பு என்பது அப்படியல்ல. 20 லட்சம் பேரையும் ஒரே மாதிரி பார்க்கும் கணினி, யாரையும் தனியாகச் சந்தேகிப்பதில்லை.