பொய்யூசி

பொய் சொல்வதையே தொழிலாகக் கொண்டவனிடம் உண்மையைப் பற்றிக் கட்டுரை கேட்பது வேடிக்கைதான். இல்லாத மனிதர்களைப் படைத்து, நடக்காத துயரங்களை நடத்திக் காட்டி, அவற்றைப் படித்து அழுதவர்களிடமிருந்து பாராட்டுக் கடிதமும் வாங்கிக்கொள்கிறவன் நான். ஆனாலும் அம்பாசமுத்திரத்தில் ஒரு பொய்யின் முன்னால் திகைத்து நின்றுவிட்டேன். அது யாருடைய பொய் என்பதே எனக்கு வெகுநாள் விளங்கவில்லை.

அம்பையில் எனக்கு ஓர் அத்தை உண்டு. எழுபது வயதைக் கடந்தவள். பத்து வயதில் மடியில் ஏறிய பீடித் தட்டு அறுபதுக்குப் பிறகுதான் கீழே இறங்கியது. ஐம்பது வருஷம் சம்மணம் போட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தவளுக்கு முழங்காலும் கழுத்தும் என்ன கதியாகும்? தாமிரபரணிப் படித்துறையில் நாலு படி இறங்கிக் குளிக்க முடியவில்லை என்பதே அவளுக்குப் பெருங்குறை. வீட்டுக் குழாயில் வருவதும் அதே ஆற்றுத் தண்ணீர்தான் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டாள். "அது தண்ணி, ஆறு இல்லல்லா?" என்பாள்.

ஒரு நாள் தொலைபேசியில் கூப்பிட்டாள். "மருமவனே, இங்க ஒரு பையன் மருந்தே இல்லாம ஊசி குத்தி வலியை எடுக்கானாம். ஒத்தையில போகப் பயமா இருக்கு. நீ ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்." போனேன்.

கடைவீதியில் ஒரு மாடி அறை. நாலு நாற்காலி, ஒரு கட்டில், சுவரில் மனித உருவத்தின்மேல் கோடுகளும் புள்ளிகளும் இட்ட படம். ஊசி என்றதும் ஆஸ்பத்திரி ஊசியை நினைத்து அத்தை நடுங்கிக்கொண்டிருந்தாள். அந்த இளைஞன் ஒட்டிய உறையை எங்கள் கண் முன்னாலேயே பிரித்து ஒன்றை எடுத்துக் காட்டினான். தலைமயிரைவிடச் சற்றே தடிப்பு. உள்ளே துளையுமில்லை, மருந்துமில்லை. இரண்டு கை நாடியையும் பார்த்தான். நாக்கை நீட்டச் சொன்னான். தூக்கம் எப்படி, பசி எப்படி, வேர்வை உண்டா, காலையில் வலி கூடுமா, இரவிலா என்று விசாரித்தான். கட்டிலில் படுக்கவைத்து முழங்காலைச் சுற்றியும் பாதத்திலுமாக ஏழெட்டு ஊசிகளைச் செருகினான். எறும்பு கடித்தமாதிரி இருந்தது, பிறகு கால் கனத்தது என்றாள் அத்தை. அரை மணி நேரத்தில் ஊசிகள் வெளியே வந்தன. ஓரிடத்தில் மட்டும் கடுகளவு ரத்தம்.

முதன்முதலாகப் போகிற நேயர்கள் எதிர்பார்க்க வேண்டியது ஏறத்தாழ இவ்வளவுதான். வெறும் வயிற்றோடு போனால் சிலருக்குத் தலை சுற்றும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். மார்பில் ஆழமாகக் குத்தி நுரையீரலைத் துளைத்த விபத்துகள் உலகத்தில் நடந்திருக்கின்றன; அபூர்வம், ஆனால் கட்டுக்கதை அல்ல.

கட்டிலிலிருந்து இறங்கிய அத்தை இரண்டு எட்டு நடந்து பார்த்தாள். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்துப் பல வருஷமாகியிருந்தது. அப்போதுதான் அந்த இளைஞன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "போகப் போக உங்களுக்கு மாத்திரையே வேண்டாம் ஆச்சி. உடம்பு தன்னைத்தானே சரிபண்ணிக்கும்."

இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பில் சில இடங்களைத் தொட்டால் நோய் தீரும் என்பது பொதிகை அடிவாரத்து மக்களுக்குப் புதிய செய்தி அல்ல. அகத்தியர் பெயரைச் சொல்லி வர்மம் தெரிந்த ஆசான்கள் இந்தச் சீமையிலும் நாஞ்சில் நாட்டிலும் தலைமுறை தலைமுறையாக இருந்துவந்திருக்கிறார்கள். நூற்றெட்டு வர்மப் புள்ளிகள் என்று அவர்கள் கணக்கு. ஆகையால் சீனத்து ஊசியை அம்பை வாசிகள் அந்நியமாகக் கருதவில்லை. அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த வழியும் கொஞ்சம் அழகானதுதான். ஜப்பான் படையெடுப்பால் துன்புற்ற சீனத்துக்கு 1938-ல் காங்கிரஸ் ஐந்து டாக்டர்களை அனுப்பியது. அவர்களில் கோட்னிஸ் 1942-ல் அங்கேயே உயிர் நீத்தார். அவருடன் போன விஜய் குமார் பாசு பிற்பாடு மறுபடியும் சீனம் சென்று இந்த ஊசி வித்தையைக் கற்று வந்து கல்கத்தாவில் பரப்பினார். வைத்தியம் செய்யப் போனவர் வைத்தியம் கற்றுக்கொண்டு திரும்பினார். 2019-ல் மத்திய அரசும் இதை ஒரு சிகிச்சை முறையாக அங்கீகரித்தது.

சென்னைக்குத் திரும்பியதும் சும்மா இராமல் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அங்கேதான் சனியன் பிடித்தது. ஜெர்மனியில் தீராத முதுகுவலிக்காரர்கள் 1,162 பேரை மூன்று பிரிவாகப் பிரித்துச் சோதித்திருக்கிறார்கள். முடிவு 2007-ல் வெளியாயிற்று. ஒரு பிரிவுக்குச் சீன சாஸ்திரப்படி ஊசி. இன்னொரு பிரிவுக்குப் பொய்யூசி; அதாவது சாஸ்திரம் சொல்லாத இடங்களில் மேலோட்டமாக ஒரு குத்து. மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான மருந்தும் தேகப்பயிற்சியும். ஆறு மாதம் கழித்து, சாஸ்திர ஊசி குத்திக்கொண்டவர்களில் 100-க்கு 47.6 பேருக்குக் குணம். பொய்யூசியில் 44.2 பேருக்கு. வழக்கமான சிகிச்சையில் 27.4 பேருக்குத்தான்! பல சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த வேறு ஆராய்ச்சியில், மெய்யூசிக்கும் பொய்யூசிக்கும் சிறு வித்தியாசம் உண்டு என்று தெரிந்தது. ஆனால் சிறு வித்தியாசந்தான்.

அப்படியானால் அத்தையின் முகத்து வெளிச்சம் பொய்யா? அதை மனப்பிரமை என்று தள்ளவும் வழியில்லை. பல் பிடுங்கிக்கொண்ட நோயாளிகளிடம் 1978-லேயே ஒரு சோதனை நடந்தது. வெறும் மருந்தால் அடங்கிய வலி, அபினியின் வேலையை முறிக்கும் மருந்தைக் கொடுத்ததும் திரும்பி வந்துவிட்டது. நம்பிக்கை வந்தால் உடம்பே தனக்கு வேண்டிய அபினியைக் காய்ச்சிக்கொள்கிறது போலும். வந்த சுகம் மெய். வந்த வழிதான் வேறு.

இதை அத்தையிடம் சொல்லலாமா? சொல்ல வேண்டாமென்று தீர்மானித்தேன். படி இறங்க ஆரம்பித்திருக்கிற கிழவியிடம் போய், "அத்தை, அந்த ஊசியைக் கண்ட இடத்தில் குத்தியிருந்தாலும் இதே பலன்தான்" என்பதில் யாருக்கு என்ன லாபம்? என் பக்கம் வள்ளுவரும் இருந்தார். குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யையும் வாய்மையின் இடத்தில் வைக்கலாம் என்று அவர் சலுகை கொடுத்திருக்கிறாரே. அந்தச் சலுகையைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தேன். சலுகையோடு சேர்ந்துவந்த நிபந்தனையை, எல்லோரையும் போல நானும் சரியாகப் படிக்கவில்லை.

நாலு மாதம் கழித்து அத்தைக்கு மயக்கம் வந்தது. ரத்தத்தில் சர்க்கரை 300-ஐத் தாண்டியிருந்தது. முழங்கால் வலி குறைந்த உற்சாகத்தில், பத்து வருஷமாகச் சாப்பிட்டுவந்த சர்க்கரை மாத்திரையை நிறுத்தியிருக்கிறாள். உடம்பு தன்னைத்தானே சரிபண்ணிக்கொள்ளும் அல்லவா?

அந்த இளைஞனைக் கடிந்துகொள்வது சுலபம், நானும் கடிந்துகொண்டேன். ஆனால் அவன் பொய் சொல்லவில்லை. தான் நம்பியதைச் சொன்னான். அது அவனுடைய அறியாமை. இன்னொருவர் உயிரோடு விளையாடுகிற அறியாமைதான், மன்னிக்க முடியாதுதான். ஆனாலும் பொய் அல்ல. தெரிந்தும் பேசாமலிருந்தவன் ஒருவன்தான் அந்த அறையில் இருந்தான்.

2011-ல் அமெரிக்காவில் வெளியான இன்னொரு சோதனையைப் பிற்பாடுதான் பார்த்தேன். ஆஸ்துமாக்காரர்களுக்கு ஒரு முறை நிஜ மருந்துள்ள இன்ஹேலர், ஒரு முறை மருந்தில்லாத இன்ஹேலர், ஒரு முறை பொய்யூசி, ஒரு முறை ஒன்றுமே இல்லை. 'எப்படி இருக்கிறது?' என்று கேட்டால், நிஜ மருந்துக்கும் பொய்மருந்துக்கும் பொய்யூசிக்கும் ஏறத்தாழ ஒரே பதில்: தேவலை. ஆனால் ஊதச் சொல்லி மூச்சை அளந்தபோது, நிஜ மருந்து 100-க்கு 20 பங்கு கூட்டியிருந்தது. மற்றவையெல்லாம் ஒன்றுமே கொடுக்காததைப் போல 7 பங்குதான். நோயாளி தேறிவிட்டதாகச் சொல்கிறார், நுரையீரல் தேறவில்லை. வலியைப் பொறுத்தவரை நோயாளி சொல்வதுதான் தீர்ப்பு. சர்க்கரைக்கும் மூச்சுக்கும் நோயாளியின் சாட்சி போதாது.

போகட்டும், பொய் அவசியமாகவாவது இருந்ததா? 2010-ல் குடல் உபாதைக்காரர்கள் 80 பேரில் பாதிப் பேரிடம் வெறும் மாத்திரையைக் கொடுத்து, 'இதில் மருந்து கிடையாது, ஆனாலும் சாப்பிட்டுப் பாருங்கள்' என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் 100-க்கு 59 பேருக்குக் குணம் தெரிந்தது. மாத்திரையில்லாத பாதியில் 35 பேருக்கு. இதைப் படித்தபோது முதலில் சிரிப்பு வந்தது. பிறகு என் மேஜைமேல் கிடந்த வாசகர் கடிதங்களைப் பார்த்தேன். என் கதாநாயகி எந்த ஊரிலும் பிறந்ததில்லை என்று இவர்கள் எல்லோருக்கும் தெரியும். அட்டையிலேயே 'நாவல்' என்று அச்சிட்டிருக்கிறது. தெரிந்துதானே அழுதிருக்கிறார்கள்? இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்தும், உண்மையைச் சொன்னால் சுகம் ஓடிவிடும் என்று நான் எப்படி நினைத்தேன்?

அம்பைக்குப் போய் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜெர்மனி, பொய்யூசி ஒன்றையும் விடவில்லை. அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"ஊசியில மருந்தில்லைன்னு அந்தப் பையனே முதல் நாளு சொல்லிட்டானே" என்றாள். "அவன் பக்கத்துல உக்காந்து பொறுமையா கேக்கான். டாக்டருமாரு என் மூஞ்சியப் பாக்க முன்னயே சீட்டு எழுதிருதாவ. காலுக்கு நான் இனியும் அங்கதான் போவேன். சீனிக்கு டாக்டர்ட்ட போவேன். அதுல என்ன?"

"அதுதான் சரி அத்தை" என்றேன்.

கீரைக் காம்பை ஒடித்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மாத்திரை வேண்டாம்னு அவன் சொன்னப்ப எனக்குக் கொஞ்சம் திக்குன்னுதான் இருந்துச்சு. உன் மூஞ்சியப் பாத்தேன். நீ படிச்சவன், பேசாம இருந்தியா, சரிதான் போலன்னு நினைச்சேன்."

கீரையை முறத்தோடு எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். சற்று நேரத்தில் கொடியிலிருந்து துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். வெயில் ஏறுவதற்குள் ஆற்றுக்குப் போக வேண்டுமாம். நான் அவளுடைய வாளியை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.