யாருடைய மூச்சு?

புகைப்பது பாவமா என்று கேட்டால் நம்மில் பலர் தயங்கியே விடை சொல்வோம். ‘அவரவர் உடல், அவரவர் பாடு’ என்று ஒதுங்கிக்கொள்வோரும் உண்டு. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் (எண் 2290) உணவு, மது, மருந்து ஆகியவற்றோடு புகையிலையைச் சேர்த்து, தன்னடக்கம் என்னும் நற்பண்பின் கீழேயே வைக்கிறது. பிறருக்கு இடர் விளைவிப்போரைக் கண்டிக்கும் அடுத்த வாக்கியம் குடிவெறியையும் வேக மோகத்தையுமே சுட்டுகிறது. புகை அங்கே இல்லை.

ஆனால் புகை, புகைப்பவரோடு நின்றுவிடுவதில்லையே! புகைக்காத 91,540 மனைவியரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஜப்பானிய அறிஞர் ஹிராயாமா, கணவர் மிகுதியாகப் புகைத்த இல்லங்களில் மனைவியரே நுரையீரல் புற்றுநோயால் கூடுதலாக மடிந்ததை 1981-இல் வெளியிட்டார். புகையிலை நிறுவனங்கள் அதை மறுத்துரைத்தன. பின்வந்த ஆய்வுகள் உறுதிசெய்தன. தன்னடக்கக் குறைவு என்று நாம் எண்ணியது பிறரன்புக் கடமையின் எல்லைக்குள் வந்துவிட்டது.

2004 மார்ச் 29 அன்று அயர்லாந்து, மதுக்கூடங்கள் உட்பட மூடிய பணியிடங்கள் அனைத்திலும் புகைப்பதைத் தடை செய்தது. நாடு முழுவதற்குமாக இவ்வாறு செய்த முதல் நாடு அது. அங்கே முன்வைக்கப்பட்ட காரணம் தொழிலாளரின் உடல்நலம். ‘புகை பிடிக்காவிட்டால் வேறு வேலை பார்க்கட்டுமே’ என்போர் இருந்தனர். வறியவருக்கு அத்தகைய தெரிவு உண்மையில் இருக்கிறதா? கூலி கொடுப்பவர் உழைப்பைப் பெறுகிறார், நுரையீரலை அல்ல.

நம் நாட்டிலும் 2003-இல் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் அதன் விதிகள் நடைமுறைக்கு வந்தன. எனினும், 30 அறைகள் கொண்ட விடுதிகளும் 30 இருக்கைகள் கொண்ட உணவகங்களும் புகைப்பதற்கெனத் தனியிடம் ஒதுக்க அச்சட்டம் இடமளித்தது. அந்த அறையைக் கூட்டிப் பெருக்கச் செல்பவர் யார்? இவ்விதிவிலக்கை நம்மால் ஏற்க இயலவில்லை.

புகைப்பவரை இகழ்வதும் முறையன்று. நிக்கோட்டின் மனவுறுதியையே கட்டிப்போடும் பொருள். இளமையில் பற்றிக்கொண்ட பழக்கம் முதுமையில் எளிதில் விடுவதில்லை. அயர்லாந்துச் சட்டம் சிறைகளுக்கும் முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கும் விலக்களித்தது. வெளியே செல்ல இயலாதவர்க்கு அவையே வீடு என்பதால் அது இரக்கமே. ஆயினும் அங்குள்ள செவிலியரும் அதே காற்றைத்தானே சுவாசிக்கின்றனர்! இச்சிக்கலுக்கு எளிய தீர்வு நமக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றும் நம்மை உறுத்துகிறது. ஹிராயாமா கண்ட பெண்கள் மதுக்கூடத்தில் அல்ல, தங்கள் இல்லங்களில் அப்புகையைச் சுவாசித்தவர்கள். சட்டமோ வீட்டு வாசலில் நின்றுவிடுகிறது. அதற்கு அப்பாலும் காவலர் நுழைவதை நாம் விரும்பமாட்டோம். தந்தையார் எழுந்து திண்ணைக்குச் செல்லலாம். தொட்டிலில் கிடக்கும் குழந்தையால் இயலாது. இரவில் ஆன்ம சோதனை செய்கையில் கோபத்தையும் குடியையும் நினைவுகூரும் நாம், அந்த ஒரு சிகரெட்டை எண்ணிப் பார்ப்பது அரிது.