கோர்வை பிரியாத வாழ்வு



"கோயில் வேறு, தொழில் வேறு, சுவாமி" என்று நம்மில் சிலர் சொல்வதுண்டு. வேறு சிலர் வாயால் சொல்லாவிட்டாலும் அப்படியே நடக்கிறார்கள். ஞாயிறு பூசை கண்டாயிற்று, வீட்டில் ஜெபமாலையும் சொல்லியாயிற்று. சர்வேசுரனுக்குச் செலுத்த வேண்டிய கடன் தீர்ந்தது. மற்ற ஆறு நாள் கணக்கு நம்முடையது என்பது அவர்கள் நினைவு. இது சரிதானா?

நமது காஞ்சிபுரத்துப் பட்டைப் பாருங்கள். சேலையின் உடல் ஒரு நிறம், கரை மற்றொரு நிறம். கரைக்கென்று தனி நாடா. நெசவாளி தறியில் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் துணையாள் ஒருவர் அந்த நாடாவைத் தள்ளுகிறார். ஒவ்வோர் ஊடையிலும் இரு நிறமும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளுகின்றன. இதற்குத்தானே கோர்வை என்று பெயர்? சேலையே கிழிந்தாலும் கரை தனியே கழன்று போகாது என்பது நம்மூர்ப் பெருமை. ஞாயிறும் மற்ற ஆறு நாளும் நிறத்தில் வேறுதான். கோர்வை விட்டுப்போனால் இரண்டும் வெறுந்துண்டுகளே.

நமது ஆண்டவர் நசரேத்தூரில் தச்சுவேலை செய்தார். ஊராரும் அவரைத் தச்சன் என்றே அறிந்திருந்தார்கள். அர்ச். சின்னப்பர் கொரிந்து பட்டணத்தில் கூடாரத் தொழில் செய்துகொண்டே வேதம் போதித்தார். 1955-ம் ஆண்டில் பாப்பரசர் 12-ம் பத்திநாதர் மே மாதம் 1-ந் தேதியைத் தொழிலாளரான அர்ச். சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். விசுவாசம் ஒரு புறமும் அன்றாட வாழ்வு ஒரு புறமுமாய்ப் பிரிந்து நிற்பது இக்காலத்தின் பெரும் பிழைகளுள் ஒன்று என 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் எச்சரித்தது.

"அர்ச்சியசிஷ்டதனம் குருக்களுக்கும் கன்னியருக்கும் உரியது, நாங்கள் குடும்பஸ்தர்" என்பீர்களோ? 1745-ல் ஞானஸ்நானம் பெற்று, 1752-ல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் உயிரைக் கொடுத்த வேதசாட்சி தேவசகாயம் குருவுமல்ல, துறவியுமல்ல. திருவிதாங்கூர் அரண்மனையில் உத்தியோகம் பார்த்த குடும்பஸ்தர். 2022-ம் ஆண்டு மே 15-ந் தேதி திருச்சபை அவரை அர்ச்சியசிஷ்டராக உயர்த்தியது.

"பொய்யில்லாமல் இந்தத் தொழிலில் பிழைக்க முடியுமா?" என்பது கடைசிக் கேள்வி. அதுவே கடினமானது. செம்புச் சரிகை போட்ட சேலையை விற்பது பாவமல்ல. அதை வெள்ளிச் சரிகை என்று சொல்லி விற்பதே பாவம். எங்கோ ஒரு தாய் மகளின் முகூர்த்தத்துக்காக வருஷக்கணக்காய்ச் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தோடு நம்மூருக்கு வருகிறாள். அவள் எந்த மதத்தவளாயினும் உங்கள் அயலாள். சரிகையின் குணம் அவளுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும், சர்வேசுரனுக்கும் தெரியும்.

வேலைக்காரரின் கூலியை வஞ்சிப்பது, தேவ நீதியை நோக்கிக் கூப்பிடுகிற நாலு பாவங்களில் ஒன்றென்று ஞானோபதேசத்தில் படித்தோமே! தறி வைத்திருப்பவர் துணையாளின் கூலியைக் குறைக்கும்போது அதை நினைக்கட்டும். கூலிக்கு நெய்பவரும், தமக்குத் தந்த பட்டிலும் சரிகையிலும் மிச்சம் பிடித்து ஒளித்துவைக்கும்போது, "திருடாதிருப்பாயாக" என்ற கற்பனையை நினைக்கட்டும்.

ஆகையால் இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். தறியில் இறங்குமுன், கடை திறக்குமுன், தார் சுற்ற உட்காருமுன் சிலுவை அடையாளம் வரைந்து, அன்றைய வேலையை ஒப்புக்கொடுங்கள். யாருக்காவது கூலியோ கணக்கோ பாக்கியிருந்தால் சனிக்கிழமைக்குள் தீர்த்துவிடுங்கள். பீடத்தின்முன் காணிக்கையோடு நிற்கும்போது சகோதரன் மனத்தாங்கல் நினைவுக்கு வந்தால், முதலில் போய்ச் சமாதானமாகும்படி ஆண்டவரே கட்டளையிட்டாரல்லவா? அப்படி வருகிறவனுடைய பூசை, அவன் தறிமட்டும் போய்ச் சேரும்.

தொழிலாளரான அர்ச். சூசையப்பர் நம் கைகளையும் கணக்குகளையும் காத்தருள்வாராக. ஆமென்.