உருவமும் ஸ்வபாவமும்

ஒன்றன் ஸ்தானத்தில் மற்றொன்றை அமர்த்துவதற்கு உருவ ஒற்றுமை மட்டும் போதிய அதிகாரமாகுமா என்னும் விசாரம், கிதார் ஆம்ப்ளிஃபையரில் தேய்ந்துபோன பவர் வால்வை மாற்றப் புகுவோருக்கு ஏட்டுச் சர்ச்சையாக நில்லாமல், கைமேல் காரியமாகவே வந்து நிற்கிறது. ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் பெட்டியில், அதற்குரிய 6எல்6ஜிசி வால்வைப் போலவே இஎல்34-ம் எட்டு முள் குழியில் இசைந்து அமர்ந்துவிடும், ஆயினும் 6.3 வோல்ட்டில் முன்னதன் சூடேற்றும் இழை 0.9 ஆம்பியரோடு திருப்தியடைய, பின்னது 1.5 ஆம்பியர் கேட்பதால், அப்பெட்டியின் நான்கு பவர் வால்வுகளுக்குமாக 2.4 ஆம்பியர் அதிக பாரம் மின்மாற்றியின் மேல் விழுகிறது; அன்றியும், இஎல்34-ன் முதல் முள்ளை எட்டாம் முள்ளோடு இணைத்தாக வேண்டும்.

பெயரையேனும் பிரமாணமாகக் கொள்ளலாமெனில், அதுவும் கூடாது. 1936-ல் ஆர்சிஏ வெளியிட்ட ஆதி 6எல்6-ன் அனோடு தாங்கத்தக்க வெப்பம் 19 வாட். அதே வம்சத்தில் பின்வந்த 6எல்6ஜிசி தாங்குவதோ 30 வாட்.

ஜாதி ஒன்றேயாயினும் வியக்திக்கு வியக்தி சக்தி வேறுபடுதலால், புதிய வால்வைச் செருகியபின் அதன் ஓய்வுநிலை மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் பயாஸை அளந்து சரிசெய்யாது விட்டால், அனோடுத் தகடு தணல்போல் சிவக்கக் கூடும். இவ்வளவையும் அறிந்தும் அளவாமல் விடுவதை நான் அதர்மமென்றே கருதுகிறேன். மின் இணைப்பைத் துண்டித்த பின்னரும் கெப்பாசிட்டர்களில் உயிரைப் பறிக்கவல்ல மின்னழுத்தம் தங்கியிருக்குமாதலின், அவ்வளவையைப் பழகிய கைக்கே விட வேண்டும்.