தீட்டா, தியாகமா?

தவக்காலம் பிறந்ததும் நம் இல்லங்களின் அடுக்களையில் ஒரு மாற்றம் தோன்றுகின்றது. திருநீற்றுப் புதனன்றும் பெரிய வெள்ளியன்றும் ஒருசந்தி இருக்கின்றோம்; வெள்ளிக்கிழமைகளில் கறி சமைப்பதில்லை. "வெள்ளிக்கிழமை கறி தின்பது பாவம் என்றால், ஞாயிற்றுக்கிழமை தின்பது மட்டும் எப்படிப் பாவமில்லாமல் போகும்?" என்று மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுவன் கேட்டால், "திருச்சபை அப்படிச் சொல்லியிருக்கிறது" என்று கூறி அவனை உட்கார வைத்துவிடலாம். ஆனால் அவனுடைய வினா உட்கார்ந்துவிடாது. உண்பதற்கு உகந்த ஒரு பொருளை நாம் ஏன் விலக்குகின்றோம்? விலக்கும்போது அந்தப் பொருளைப் பற்றியும், அதை உண்போரைப் பற்றியும் நம் உள்ளத்தில் என்ன எண்ணம் எழுகின்றது? இவ்வினாக்களுக்கு விடை காணாமல் சட்டத்தை மட்டும் கடைப்பிடித்தால், நல்ல சட்டமும் தீய பயனைத் தந்துவிடக்கூடும்.

மூன்று வழிகள்

புலால் துறப்போர் மூன்று வகையான காரணங்களால் துறக்கின்றனர். முதலாவது, தூய்மை பற்றிய எண்ணம். இறைச்சி அசுத்தமானது, அதை உண்பவன் தீட்டுப்படுகின்றான், ஆகவே அதைத் தொடலாகாது என்பது இவ்வழி. இரண்டாவது, அருள். உயிரைக் கொன்று வயிறு வளர்ப்பது இரக்கமற்ற செயல் என்பது இவ்வழி. திருவள்ளுவர் புலால் மறுத்தல் என்னும் அதிகாரத்தைத் துறவறவியலில் அருளுடைமைக்கு அடுத்து வைத்திருப்பது இதனால்தான். மூன்றாவது, தியாகம். நல்லது, சுவையானது, இறைவன் தந்தது என்று அறிந்திருந்தும், அதனினும் பெரிய ஒன்றிற்காக அதைச் சிறிது காலம் விட்டுக்கொடுப்பது இவ்வழி.

மூன்று வழிகளிலும் உண்கலம் ஒன்றுபோலவே காட்சியளிக்கும்: சோறும் குழம்பும் கீரையும். ஆனால் உண்பவனின் நெஞ்சம் வேறு வேறு. திருச்சபையின் ஒழுங்கு இவற்றுள் எதைச் சார்ந்தது?

நம் முன்னோர் இந்த ஒறுத்தலுக்குச் 'சுத்தபோசனம்' என்று பெயரிட்டனர். பழைய ஞானோபதேசங்களில் பயின்ற அச்சொல் இன்றும் முதியோர் நாவில் வாழ்கின்றது. பக்தி மணம் கமழும் சொல்தான். எனினும் அதற்குள் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை உண்பது 'சுத்த' போசனம் என்றால், மற்ற நாட்களில் உண்பது என்ன? நம் மண்ணில் சைவம், அசைவம் என்பவை உணவின் பெயர்கள் மட்டுமல்ல. உண்போரை மேல் என்றும் கீழ் என்றும் வகுக்கும் அளவுகோலாகவும் அவை நெடுங்காலம் பயன்பட்டு வந்துள்ளன. அந்த அளவுகோல் நம்மை அறியாமலே நம் தவத்திற்குள் நுழைந்துவிட்டால், சிலுவையின் பெயரால் நாம் தீட்டைக் கடைப்பிடிக்கின்றவர்களாகிவிடுவோம்.

திருச்சபை வகுத்த எல்லை

இயேசு இதில் ஐயத்திற்கு இடம் வைக்கவில்லை. மனிதனுக்குள் நுழைவது அவனைத் தீட்டுப்படுத்துவதில்லை, அவன் உள்ளத்திலிருந்து வெளிவரும் தீய எண்ணங்களே தீட்டுப்படுத்துகின்றன என்று அவர் கற்பித்ததை மாற்கு நற்செய்தியின் 7ஆம் அதிகாரம் கூறுகின்றது. எல்லா உணவும் தூயவை என்று அவர் இதனால் காட்டினார் என நற்செய்தியாளரே விளக்கமும் தருகின்றார். யோப்பாவில் பேதுரு கண்ட காட்சியும் இதையே சொல்கின்றது. அங்கே உணவைப் பற்றித் தொடங்கிய பாடம், கொர்னேலியு என்னும் பிற இனத்தவரின் வீட்டு வாசலில் மனிதரைப் பற்றிய பாடமாக முடிகின்றது. எந்த உணவையும் தீட்டு என்று சொல்லாதே என்பதன் உட்பொருள், எந்த மனிதனையும் தீட்டு என்று சொல்லாதே என்பதே.

தூய அகுஸ்தினார் தம் 'ஒப்புதல்கள்' நூலின் பத்தாம் பகுதியில் இன்னும் ஒரு படி செல்கின்றார். உணவின் அசுத்தத்திற்குத் தாம் அஞ்சவில்லை, ஆசையின் அசுத்தத்திற்கே அஞ்சுவதாக அவர் எழுதுகின்றார். எலியா இறைச்சி உண்டும் தூயவராகவே இருந்தார். ஏசாவோ வெறும் பயற்றுக் கூழுக்கு ஆசைப்பட்டுத் தலைமகன் உரிமையை இழந்தான் என்று அவர் நினைவூட்டுகின்றார். ஏசாவை வீழ்த்தியது சைவ உணவுதான் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா?

தொடக்கத் திருச்சபை இவ்வெல்லையை விழிப்போடு காத்தது. படைக்கப்பட்ட பொருள் தீயது என்று கருதிப் புலால் துறந்த மானிக்கேயர் போன்ற குழுக்கள் அன்று பரவியிருந்தன. 314ஆம் ஆண்டு சிறிய ஆசியாவின் அன்சீரா நகரில் கூடிய சங்கம், புலால் துறந்து வாழும் குருக்களையும் திருத்தொண்டர்களையும் பற்றி ஒரு விந்தையான விதியை வகுத்தது. அவர்கள் இறைச்சியை ஒருமுறை சுவைத்துப் பார்க்க வேண்டும்; அதன்பின் விரும்பினால் துறந்திருக்கலாம். இறைச்சியோடு சேர்த்துச் சமைத்த காய்கறியைக்கூட வெறுத்து ஒதுக்குவார்களானால், அவர்கள் பணியிலிருந்து நீக்கப்படுவார்கள். அதே நூற்றாண்டில் கங்கிரா நகரில் கூடிய சங்கம், நம்பிக்கையோடு இறைச்சி உண்பவனை மீட்படையத் தகுதியற்றவன் என்று பழிப்போரைச் சபித்தது. 561இல், இன்றைய போர்த்துக்கல் நாட்டிலுள்ள பிராகா நகரின் சங்கமும் இதையே வலியுறுத்திற்று.

இவ்விதிகளை வகுத்தவர்கள் நோன்பைப் போற்றியவர்களே. நோன்பைப் போற்றியதால்தான், அது வெறுப்பாகத் திரிந்துவிடாதபடி காத்தார்கள். வெறுக்கும் பொருளை விட்டுவிடுவதில் தியாகம் ஏது?

இன்று நடைமுறையிலுள்ள 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பிலும் இதே உண்மையைக் காணலாம். ஆண்டின் எல்லா வெள்ளிக்கிழமைகளும் தவநாட்கள். ஆண்டவர் சிலுவையில் உயிர்நீத்த நாளின் நினைவு அவை. 14 வயது நிறைந்தோரைப் புலால் துறக்கும் சட்டம் கட்டுப்படுத்துகின்றது. 18 வயது நிறைந்தோரை, 59 வயது நிறையும்வரை, நோன்புச் சட்டமும் கட்டுப்படுத்துகின்றது. ஆனால் அந்த வெள்ளியன்று பெருவிழா ஒன்று வருமானால் புலால் விலக்கத் தேவையில்லை. 2020இல் கிறிஸ்து பிறப்புப் பெருவிழா வெள்ளிக்கிழமையில் வந்தது. அன்று கறி சமைத்த எவரும் சட்டத்தை மீறவில்லை. இறைச்சி தீட்டானதாக இருந்தால், பெருவிழா எப்படி அதைத் தூய்மையாக்கும்? விருந்துக்குரிய பொருள் அது என்பதால்தான் விழாவில் இடம்பெறுகின்றது. விருந்துக்குரியது என்பதால்தான் மணமகன் பிரிந்த நாளில் ஒதுக்கி வைக்கப்படுகின்றது. வகுப்பில் எழுந்து நின்ற அச்சிறுவனுக்கு உரிய விடை இதுவே: கறி பாவமன்று, தம்பி, அது நல்லது என்பதால்தான் அதைக் கடவுளுக்குக் கொடுக்கின்றோம்.

எழுத்தும் உயிரும்

இவ்வாறு புரிந்துகொண்டால் இன்னொரு மயக்கமும் தெளிகின்றது. ஆட்டுக்கறியை விட்டுவிட்டு வஞ்சிர மீனும் இறாலும் வாங்கிச் சமைப்பவர் சட்டத்தின் எழுத்தை நிறைவேற்றுகின்றார். மீனைச் சட்டம் தடுக்கவில்லை. முட்டையையும் பாலையும்கூடத் தடுக்கவில்லை. இடைக்காலத்தில் தவக்காலம் முழுவதும் முட்டையும் வெண்ணெயும்கூட விலக்கப்பட்டிருந்தன. பிரான்சு நாட்டின் ருவான் பேராலயத்தில் ஒரு கோபுரத்திற்கு 'வெண்ணெய்க் கோபுரம்' என்று பெயர். தவக்காலத்தில் வெண்ணெய் உண்ண அனுமதி பெற்றோர் தந்த காணிக்கையால் எழுந்ததால் அப்பெயர் என்பர். ஒறுத்தலும் விலைபேசப்படலாம் என்பதற்கு அது கல்லில் நிற்கும் சாட்சி.

புலால் உணவே உண்பவனுக்கு மிகுந்த இன்பம் தருவது, ஆகவே அதை விலக்கச் சொன்னது திருச்சபை என்று தூய தோமா அக்குவினார் விளக்கினார். அவர் அளவுகோலையே கொண்டு பார்ப்போம். நாள்தோறும் மீன் உண்ணும் கடற்கரை ஊர்களில், வெள்ளியன்று ஆட்டுக்கறியை விலக்கி மீன்குழம்பு உண்பதில் என்ன ஒறுத்தல் இருக்கின்றது? சட்டமே இதை உணர்ந்திருக்கின்றது. புலாலோ ஆயர் பேரவை குறிக்கும் வேறு உணவோ என்று அது கூறுகின்றது. முழுமையாகவோ பகுதியாகவோ அதற்கு மாற்றாக வேறு தவமுயற்சிகளை, சிறப்பாக அன்புப் பணிகளையும் பக்தி முயற்சிகளையும், அமைக்கவும் ஆயர் பேரவைக்கு உரிமை தருகின்றது.

அப்படியானால் சட்டம் எதற்கு, ஒவ்வொருவரும் தம் மனம்போல் தவம் செய்யட்டுமே என்று சிலர் கேட்கலாம். புதிய கேள்வியன்று இது. 1522ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் சூரிக் நகரில் அச்சக உரிமையாளர் ஒருவரின் வீட்டில் சிலர் இறைச்சி உண்டபோது, உடனிருந்த குரு சுவிங்ளி பின்னர் அவர்களுக்காக மறையுரையிலேயே வாதாடினார். கிறிஸ்தவனின் உரிமையைப் பற்றி அவர் எழுப்பிய வினா எளிதில் தள்ளிவிடக்கூடியதன்று. ஆயினும் அனுபவம் வேறொன்றையும் கற்பித்திருக்கின்றது. 1985இல் இங்கிலாந்து, வேல்சு ஆயர்கள், வெள்ளித் தவத்தை அவரவர் விருப்பப்படி தேர்ந்துகொள்ள விட்டனர். 2011 செப்டம்பரில் புலால் துறக்கும் வழக்கத்தை மீண்டும் அனைவருக்குமாகக் கொண்டுவந்தனர். மானிடவியல் அறிஞர் மேரி டக்ளஸ் 1970இல் வெளியிட்ட நூலொன்றில், இலண்டனில் உழைத்துப் பிழைத்த அயர்லாந்து ஏழைகளுக்கு அந்த வெள்ளிக்கிழமை வழக்கம் எத்துணைப் பெரிய பற்றுக்கோடாக இருந்தது என்பதையும், படித்த சீர்திருத்தக்காரர் அதை உணரத் தவறியதையும் எடுத்துக்காட்டினார். நாமெல்லாரும் ஒரே நாளில் ஒன்றாகச் செய்வது நம்மை ஒரே மக்களாக்குகின்றது. தனித்தனியே தேர்ந்துகொள்ளும் தவம் எளிதில் மறந்துபோகும்.

ஆனால் ஒன்றாக்க வந்த அடையாளம் பிரிக்கும் அடையாளமாகவும் மாறலாம். 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி, மக்கள் நற்செய்திக்குச் செவிசாய்க்க வேண்டுமென்று புலாலை அறவே துறந்து துறவியாக வாழ்ந்தார். உணவு தம் சகோதரருக்குத் தடையாகுமானால் இறைச்சியையே உண்ணப் போவதில்லை என்று கொரிந்தியருக்கு எழுதிய பவுலடியாரின் அன்பே அவரிடமும் இருந்தது. ஆயினும், உணவால் குலத்தை அளந்த அச்சமுதாயத்தில், அதே மதுரையில் பரதவக் கிறிஸ்தவரிடையே பணியாற்றிய தம் சபைக் குருவிடமிருந்தே அவர் விலகி வாழ வேண்டியிருந்தது. அன்பினால் செய்த துறவுக்கும் ஊர் தன் சொந்தப் பொருளைத்தான் கொடுத்தது.

ஏழையின் உண்கலம்

இறுதியாக, யாருடைய தவத்தைப் பற்றிப் பேசுகின்றோம் என்பதையும் மறந்துவிடலாகாது. 1966 பிப்ரவரி 17 அன்று திருத்தந்தை ஆறாம் பவுல் 'பெனித்தேமினி' என்னும் ஆவணத்தால் நோன்பு ஒழுங்கைப் புதுப்பித்தபோது, செல்வம் மிகுந்த நாடுகளையும் வறிய நாடுகளையும் வேறுபடுத்திப் பேசினார். வளமுள்ளோர் தன்னொறுத்தலுக்கும், பசித்திருப்போர்மீது அன்புக்கும் சாட்சியாக விளங்க வேண்டும். வறியோர், நீதிக்காக உழைத்துக்கொண்டே, தம் துன்பத்தைச் சிலுவையோடு இணைத்து ஒப்புக்கொடுக்கலாம் என்பது அவர் கருத்து. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கால் கிலோ கறி வாங்கக்கூடிய குடும்பத்திற்கு வாரத்தின் ஆறு நாட்களும் வெள்ளிக்கிழமைதான். அவர்களிடம் போய் ஒறுத்தலைப் பற்றி உரத்துப் பேச நமக்கு நாணமாக இருக்க வேண்டும். விலக்கிய உணவின் விலை பசித்தோரைச் சென்றடையவில்லையென்றால், எசாயா இறைவாக்கினர் தம் நூலின் 58ஆம் அதிகாரத்தில் கண்டித்த நோன்பை நாமும் நோற்கின்றோம் என்பதே பொருள்.

அருளை முன்னிட்டு என்றுமே புலால் உண்ணாதவரும் நம் பங்குகளில் இருக்கின்றனர். அவர்களுடைய இரக்கம் போற்றுதற்குரியது. வெள்ளிக்கிழமைக்கு அவர்கள் வேறொரு இனிய பொருளைத் தேர்ந்து விலக்கட்டும். உண்பவன் உண்ணாதவனை இகழவும் வேண்டா, உண்ணாதவன் உண்பவனைத் தீர்ப்பிடவும் வேண்டா என்பதே உரோமையருக்குப் பவுலடியார் தந்த அறிவுரையின் சாரம்.

அன்சீரா சங்கம் வகுத்த சோதனையை நம் காலத்திற்கு ஏற்ப நாமே நமக்கு வைத்துக்கொள்ளலாம். ஊரின் கடைசித் தெருவில், பிறர் இகழும் மாட்டிறைச்சியை உண்டு வாழும் ஒரு கத்தோலிக்கக் குடும்பம் இருக்கின்றது. ஞாயிற்றுத் திருப்பலியில் ஒரே அப்பத்தில் அவர்களோடு பங்கு பெறுகின்றோம். வெள்ளிக்கிழமை ஆண்டவருக்காக நாம் விலக்கிய அந்த உணவை, மறுநாள் அவர்கள் தங்கள் வீட்டில் அன்போடு பரிமாறினால், அவர்களோடு அமர்ந்து மனமகிழ்ந்து உண்ண நம்மால் முடியுமா? முடியுமானால், நாம் செய்தது தியாகம். கை தயங்குமானால், நாம் கடைப்பிடித்தது தீட்டு. அதற்குத் தவம் என்று பெயர் சூட்ட நமக்கு உரிமையில்லை.