ஓடு வீடாகுமா?

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. ஆனால் வீடு புகுந்த ஆமை உருப்படுமா என்று நாம் கேட்பதில்லை. ஓர் உயிரை நம் இல்லத்தில் வைத்துப் பேணும்போது, அதற்குத் தக்க வாழிடமொன்றை அமைத்துக் கொடுத்துவிட்டால் நமது கடமை நிறைவேறிவிடுகிறதா? இக்கட்டுரை ஆராய முற்படுவது அவ்வினாவையே.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வத்தளை வீட்டிற்கு நட்சத்திர ஆமையொன்று வந்து சேர்ந்தது. புத்தளம் வீதியில் அதனைக் கண்ட உறவினர் ஒருவர், வாகனத்தில் அடிபட்டுவிடுமே என்று இரங்கி எடுத்துவந்தார். ஆமையென்றால் நீர் வேண்டும் என்றெண்ணிச் சீமெந்துத் தொட்டியில் நீர் நிரப்பி அதனை விட்டோம். அது நீந்தவில்லை, தத்தளித்தது. அது புல்லும் இலையும் உண்டு வறண்ட புதர்நிலத்தில் வாழும் தரையாமை என்பதைப் பின்னரே அறிந்தோம். உடனே மணலும் கல்லும் பரப்பி, ஒருபுறம் வெயிலும் மறுபுறம் நிழலும் அமையுமாறு வேலியடைத்தோம். அம்மா நாள்தோறும் அறுகம்புல் கொய்து போடுவார்.

எனினும் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் அது உண்பதை நிறுத்திற்று. மூக்கில் நீர் வடிந்தது. தலையை உள்ளிழுத்து நாட்கணக்கில் அசையாதிருந்தது. புலனடக்கத்திற்கு வள்ளுவர் ஆமையை உவமை காட்டினார் அல்லவா? அவ்வுவமையிலே பழகிய நாங்கள் அந்த ஒடுக்கத்தை அமைதியென்று கருதினோம். அது நோயாயிருந்தது.

எங்கே பிழைத்தோம் என்பதற்குத் தொல்காப்பியத்தில் விடை காணலாம். நிலமும் பொழுதும் முதற்பொருள். விலங்கும் மரமும் புள்ளும் கருப்பொருள். முதற்பொருளினின்று பிரித்தெடுத்த கருப்பொருள் எங்ஙனம் நிலைக்கும்? நாங்கள் மணலைக் கொணர்ந்தோம். பொழுதைக் கொணர இயலவில்லை. உலர் வலயத்தின் நீண்ட வறண்ட மாதங்களை ஈர வலயத்து முற்றமொன்றில் உண்டாக்குவது எவர்க்கும் எளிதன்று.

ஆமை தன் வீட்டைத் தானே சுமந்து திரிவதால் எங்கும் வாழும் என்பர் சிலர். அவ்வோடு வீடன்று. விலா என்புகளும் முதுகெலும்பும் இணைந்து அமைந்த, தொடுகையை உணரும் உடலுறுப்பு அது. அதன் வீடு வெளியிலேயே உள்ளது. இவ்வுண்மை நம் மக்களுக்குப் புதிதன்று. 2009 இல் செட்டிக்குளம் முகாம்களில் இருந்தோரின் தலைக்குமேல் கூரை இருந்தது; அதனை வீடென்று அவர்களில் எவர் சொல்வார்?

அவ்வாறாயின் விட்டுவிடுவதே அறமா? அருகிலுள்ள முத்துராஜவெலவில் விடுமாறு அயலவர் ஒருவர் கூறினார். விடுதலை என்னும் சொல் இனியதே. ஆனால் 1996 இல் ஒரு பகுதி சரணாலயமாக்கப்பட்ட அச்சதுப்புநிலம், புதர்நிலத்து ஆமைக்கு மற்றுமொரு தொட்டியே ஆகும். அதன் நோய் அங்குள்ள ஆமைகளுக்குத் தொற்றவும் கூடும். கடையில் வாங்கிய வட அமெரிக்கச் செங்காது ஆமை பெருத்ததும் குளத்தில் விடுவோரும் இத்தகைய பிழையையே புரிகின்றனர். தம் பொறுப்பைக் கைகழுவிவிட்டு அதற்கு விடுதலை என்று பெயரிடுகின்றனர்.

ஆகவே, தக்க வாழிடம் அமைத்தலை நாம் ஆமைக்கு அளிக்கும் கொடையாகக் கருதலாகாது. அதனிடமிருந்து ஒரு நிலத்தைப் பறித்தமையால் நம்மேல் ஏறிய கடன் அது. திரும்பிச் செல்ல வழியற்ற உயிர்க்கு அக்கடனை இறுதிவரை செலுத்தவேண்டும். பல பத்தாண்டுகள் வாழும் ஆமையின் பொருட்டு அக்கடன் நம் பிள்ளைகள்மேலும் ஏறக்கூடும். திரும்ப வழியுள்ள உயிரையோ திருப்பிவிடவே வேண்டும். நட்சத்திர ஆமை இந்நாட்டில் சட்டத்தாற் பாதுகாக்கப்பட்டது. 2019 இல் அதன் சர்வதேச வணிகமும் தடைசெய்யப்பட்டது. இவற்றைக் காலந்தாழ்த்தி அறிந்த நாங்கள் அதனை வனசீவராசிகள் திணைக்கள அதிகாரிகளிடம் ஒப்படைத்தோம். வெறுமையான வேலியை அம்மா சில வாரங்கள் பிரிக்கவில்லை.

எங்கள் உறவினரின் இரக்கம் பொய்யானதன்று. அன்று அவர் அந்த ஆமையைத் தூக்கி, அது நோக்கிச் சென்ற திசையிலேயே வீதியின் மறுகரையில் வைத்திருந்தால் போதும். இருபதடியில் முடிந்திருக்கவேண்டிய கருணை நூறு கிலோமீற்றருக்கு மேல் நீண்டுவிட்டது. பிற உயிர்மீது அன்புடையோர், எங்கே நிறுத்திக்கொள்வது என்பதையும் கற்றிருத்தல் வேண்டும்.